பூனைக்குத் தடிமன் பிடித்தால்: பனடோல் வேண்டாம், பராமரிப்பே மருந்து

ஊவாவில் ஒக்டோபர் பிறந்தால் மழைக்காலம். ஜனவரி முடியும்வரை மழையும் பனியும் வாடைக்காற்றும் மாறி மாறி வரும். அந்த மாதங்களில் பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் லயம் முழுக்க இருமலும் தும்மலுமாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்குத் தடிமன், பிள்ளைகளுக்குச் சளி. அதே நாட்களில் அடுப்படிச் சாம்பலில் சுருண்டு படுத்திருக்கும் பூனையும் தும்ம ஆரம்பிக்கும். கண்ணில் பீளை கட்டும், மூக்கு ஒழுகும், சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"பூனை தானே, தானா சரியாயிரும்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். வேறு சிலர், பாசத்தினால், வீட்டில் இருக்கும் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். இந்த இரண்டாவது காரியத்தால் நடந்த ஒரு துயரமே நாம் இக்கட்டுரையை எழுதக் காரணம்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு மழை நாளில் சுகாதார வேலையாகப் போயிருந்தோம். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எம்மைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஐயா, எங்க பூனைக்குச் சளி புடிச்சு மூக்கே அடைச்சிருச்சுங்க. பாவமா இருந்திச்சு. நமக்குக் குடுக்குற பனடோல்ல பாதிய உடைச்சு, சோத்துல வச்சுப் பேத்திதான் குடுத்துச்சு. விடியக்காலையில மூஞ்சி, காலு எல்லாம் வீங்கிக் கெடந்திச்சுங்க. அந்திக்குள்ள செத்துப்போச்சு." பக்கத்தில் நின்ற பேத்திக்குப் பத்து வயதிருக்கும். "நான் குடுத்ததாலயா ஐயா செத்துச்சு?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. "ஆமா பாப்பா, அந்த மருந்து பூனைக்கு ஆகாது. ஆனா அது ஒனக்குத் தெரியாதே, யாரும் சொல்லித் தரலையே. ஒன் மேல குத்தம் இல்ல" என்றுதான் சொன்னோம். யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. ஆகவே இப்போதாவது சொல்கிறோம்.

பூனைக்கு ஏன் இவ்வளவு கவனம்?

"மனுசனுக்கே மருந்து இல்லாத நேரத்தில் பூனைக்கு வைத்தியமா?" என்று கேட்பவர்களும் உண்டு. தோட்டத்து வீட்டில் பூனை வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. கோதுமை மா சாக்கையும் அரிசிப் பெட்டியையும் எலியிடமிருந்து காப்பது அதுதான். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் எவ்வளவு பொல்லாதது என்பது மழையில் வேலை செய்கிற நமக்குத் தெரியும். அதற்கு மேலாக, அம்மாவும் அப்பாவும் காலையில் மலைக்குப் போய்விட்ட வீட்டில், பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு வாசலில் காத்திருக்கும் துணையும் அந்தப் பூனைதான். வாயில்லா ஜீவன். அதற்கு நோவது எங்கே என்று நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது என்ன நோய்?

பூனைக்கு வரும் தடிமன் நமக்கு வரும் தடிமன் அல்ல. பார்ப்பதற்கு ஒன்று போல இருந்தாலும் கிருமிகள் வேறு. பெரும்பாலும் இரண்டு வைரஸ்களே இதற்குக் காரணம். ஒன்று பூனைக் கலிசி வைரஸ். இது 1957இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்டது. மற்றது பூனை ஹேர்பீஸ் வைரஸ். இதை 1958இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும், பூனை இருக்கும் இடமெல்லாம் இந்த இரண்டும் இருக்கின்றன. நியூயோர்க் மாடி வீட்டுப் பூனைக்கும் நமுனுகுல லயத்துப் பூனைக்கும் ஒரே நோய்தான்.

வைரஸ் முதலில் மூக்கையும் கண்ணையும் தொண்டையையும் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் பிறகு பக்டீரியாக் கிருமிகள் குடியேறுகின்றன. ஆகவேதான் முதல் இரண்டு மூன்று நாட்கள் தண்ணீராக ஓடிய மூக்குச்சளி, பிறகு கெட்டியாக மஞ்சளும் பச்சையுமாக மாறுகிறது.

எப்படித் தொற்றுகிறது?

நோயுள்ள பூனை தும்மும்போது சளித்துளி மூன்று நான்கு அடி தூரம்வரை தெறிக்கும். அதை விடக் கூடுதலாக, ஒரே தட்டில் தின்பதாலும் ஒன்றை ஒன்று நக்குவதாலும் தொற்றும். நம் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டுபோய் அடுத்த பூனைக்குச் சேர்வதும் உண்டு. தொற்றிய இரண்டு நாளிலிருந்து ஆறு நாளைக்குள் தும்மல் தொடங்கும். ஹேர்பீஸ் வைரஸ் வெளியில் ஒரு நாளைக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. கலிசி வைரஸோ காய்ந்த தட்டிலும் தரையிலும் பல நாட்கள், சில வேளை ஒரு மாதம் வரையும் இருக்கும்.

ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு. பூனைக்கு எல்லா வீடும் ஒன்றுதான். காலையில் ஒரு வீட்டில் தின்னும், பகலில் இன்னொரு வீட்டில் படுக்கும். ஆகையால் ஒரு காம்பிராவில் ஒரு பூனை தும்மினால் அடுத்த வாரம் லயத்தில் உள்ள எல்லாப் பூனைகளும் தும்மும்.

இன்னொரு விசயம். நோய் சுகமான பூனையின் உடம்பில் ஹேர்பீஸ் வைரஸ் ஆயுள் முழுதும் ஒளிந்திருக்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் நேரம், வீடு மாறும் நேரம், குளிரிலும் பசியிலும் வாடும் நேரம் பார்த்து அது திரும்பத் தலை தூக்கும். தாய்ப்பூனை நல்ல சுகமாகத் தெரியும். ஆனால் அதனிடமிருந்தே குட்டிகளுக்குத் தொற்றும். தாய்ப்பாலால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறையும் வயதில், அதாவது ஒரு மாதம், இரண்டு மாதம் ஆன குட்டிகளுக்கு, கூட்டமாக நோய் வருவது இதனாலேயே.

அறிகுறிகள்

- அடிக்கடி தும்மல். மூக்கு ஒழுகுதல் அல்லது அடைத்தல்
- கண் சிவந்து நீர் வடிதல். பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளுதல்
- காய்ச்சல், சோர்வு, ஓர் இடத்திலேயே சுருண்டு கிடத்தல்
- நாக்கிலும் வாயிலும் புண். அதனால் எச்சில் வடிதல்
- தின்னாமல் இருத்தல்
- கலிசி வைரஸ் என்றால் சில பூனைகள் ஓரிரு நாள் நொண்டியும் நடக்கும்

தும்முகிற பூனைக்கெல்லாம் இந்த நோய் என்று நினைக்கவும் கூடாது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கத்தில் காய்ந்த காற்று வீசும்போது தூசியால் தும்மும். விறகுப் புகையால் தும்மும். மானாப்புல்லை மென்று, ஒரு துண்டு மூக்குக்குள் ஏறிவிட்டால், திடீரென்று நிறுத்தாமல் தும்மி, காலால் மூக்கைத் தேய்க்கும். கண் தெளிவாக இருந்து, நன்றாகத் தின்றுகொண்டு, எப்போதாவது தும்மினால் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

இந்த வைரஸ்களை உடனே கொல்லும் மருந்து நம் வீட்டில் கிடையாது. உடம்புதான் அவற்றோடு சண்டை போட்டு வெல்ல வேண்டும். அந்தச் சண்டை முடிய 7 முதல் 10 நாள் ஆகும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை பூனை பட்டினியிலும் தாகத்திலும் குளிரிலும் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. பெரும்பாலான பெரிய பூனைகள் இந்தப் பராமரிப்பாலேயே தேறிவிடுகின்றன.

1. கண்ணையும் மூக்கையும் துடைத்து விடுங்கள். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டு ஆற விடுங்கள். இளஞ்சூடாக இருக்கும்போது சுத்தமான பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ அதில் நனைத்து, பீளையை ஊற வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். காய்ந்த பீளையைப் பிய்த்து இழுக்கக் கூடாது. கண்ணின் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. மற்றக் கண்ணுக்கு வேறு துணி. நாளைக்கு மூன்று நான்கு முறை. தண்ணீரை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

2. மூக்கடைப்புக்கு ஆவி காட்டுங்கள். சிறிய அறையில் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பாத்திரத்தில் கொதிநீரை வைத்து, பூனை எட்டித் தொட முடியாத தூரத்தில் அதைக் கூடைக்குள் வைத்துப் பத்து நிமிடம் இருங்கள். வெறும் தண்ணீர் ஆவி மட்டும் போதும். அதில் பாம், யூக்கலிப்டஸ் எண்ணெய், விக்ஸ் எதுவும் போடக் கூடாது. பூனையின் தலையில் துணியைப் போட்டு மூடிப் பிடிப்பதும் வேண்டாம். அது பயந்து பாத்திரத்தைத் தட்டிவிட்டால் உங்களுக்கும் அதற்கும் வெந்துவிடும்.

3. வாசனையுள்ள சாப்பாட்டைச் சூடாகக் கொடுங்கள். இதுதான் முக்கியம். பூனை கண்ணால் பார்த்துத் தின்பதில்லை, மோந்து பார்த்துத் தின்கிறது. மூக்கு அடைத்துவிட்டால் அதற்குச் சோறும் மண்ணும் ஒன்றுதான். ஆகையால் வாசனை கூடிய எதையாவது இளஞ்சூடாகக் கொடுக்க வேண்டும். நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊற வைத்து, உப்பு போகக் கழுவி, அவித்துப் பிசைந்து கொடுக்கலாம். டின் மீன் வாங்கினால் அதில் ஒரு துண்டைக் கழுவிக் கொடுக்கலாம். முட்டையை அவித்துப் பிசைந்து கொடுக்கலாம். வாயில் புண் இருந்தால் கஞ்சி போலக் கரைத்துக் கொடுங்கள். ஒரேயடியாக வைக்காமல், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டி அளவு போதும். முதலில் கொஞ்சத்தை விரலில் எடுத்து உதட்டில் தடவினால், நக்கிப் பார்த்துப் பிறகு தானே தின்னத் தொடங்கும்.

4. தண்ணீர் உள்ளே போக வேண்டும். சுத்தமான தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். குடிக்காவிட்டால் மீன் அவித்த உப்பில்லாத தண்ணீரை வைத்துப் பாருங்கள். அதையும் குடிக்காவிட்டால், ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சால் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். தலையை நிமிர்த்திப் பிடித்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். தலை நேராக இருக்கட்டும், ஒவ்வொரு மிடறையும் விழுங்க விடுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க, தோள்பட்டைக்கு மேலே தோலைத் தூக்கி விடுங்கள். உடனே திரும்பிவிட்டால் நல்லது. மெதுவாக இறங்கினால், முரசும் காய்ந்து ஒட்டினால், தண்ணீர் வற்றிவிட்டது. வைத்தியரிடம் போக வேண்டும்.

5. சூடாகவும் புகையில்லாமலும் படுக்க வையுங்கள். குளிரென்றால் பூனை அடுப்புச் சாம்பலைத் தேடிப் போவது வழக்கம். ஆனால் புண்ணான மூக்குக்கும் கண்ணுக்கும் புகையும் சாம்பலும் விசம். ஒரு பெட்டியில் பழைய கம்பளித் துண்டையோ சாக்கையோ மடித்துப் போட்டு, சீமெந்துத் தரையில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள். காற்று வரும் வாசல் பக்கம் வேண்டாம். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக மூடி, துணியால் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் குட்டிகளுக்கு மிகவும் நல்லது. புகை போக வழி செய்தால் பூனைக்கு மட்டுமல்ல, அதே காம்பிராவில் இருமிக்கொண்டிருக்கும் கைக்குழந்தைக்கும் நன்மை என்பதை மறந்துவிடாதீர்கள்.

6. மற்றப் பூனைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். குறைந்தது இரண்டு வாரம். தட்டு, தண்ணீர்க் கோப்பை எல்லாம் தனி. முதலில் சுகமான பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, கடைசியாக நோயுள்ளதைக் கவனியுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் பத்து நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசிக் காய விடுங்கள். டெட்டோலும் பினைலும் பூனைக்கு ஆகாது. பூனை படுக்கும் இடத்தில் அவற்றைப் போட்டால், காலில் ஒட்டியதை நக்கி நஞ்சாகிவிடும்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

பனடோல்: இதைப் பெரிய எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பனடோலில் இருப்பது பரசிட்டமோல். நாம் விழுங்கினால் நம் ஈரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. ஆகவே அது உடம்புக்குள் நஞ்சாக மாறி இரத்தத்தைக் கெடுக்கிறது. கெட்ட இரத்தத்தால் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாது. முரசு கபில நிறமாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும், ஓரிரு நாளில் உயிர் போகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும். பாதியும் ஆபத்து, கால்வாசியும் ஆபத்து. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணி மருந்தும் அதே சரக்குத்தான். "நாய்க்குக் குடுத்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று பூனைக்குக் கொடுக்க வேண்டாம்.

தெரியாமல் கொடுத்துவிட்டால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால்தான் பலிக்கும்.

அஸ்பிரின், புரூபன்: நோவுக்கு நாம் போடும் இந்த மாத்திரைகளும் பூனைக்கு நஞ்சு.

தைலம், பாம், விக்ஸ்: நெஞ்சில் தடவினால் பூனை நக்கிவிடும். கற்பூரமும் யூக்கலிப்டசும் அதன் உடம்புக்கு ஆகாதவை.

வெங்காயம், பூடு: சளிக்கு நல்லது என்று நாம் தின்னலாம். பூனைக்கு அவை இரத்தத்தைக் கெடுக்கும். கறிக்குழம்பு ஊற்றிய சோறும் வேண்டாம்.

தேத்தண்ணியும் பாலும்: தேயிலையில் உள்ள கஃபீன் பூனைக்கு ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலால் வயிற்றுப்போக்கு வரும். ஏற்கெனவே தண்ணீர் வற்றிய உடம்புக்கு அது இன்னொரு அடி.

மிச்சம் இருக்கும் மருந்துகள்: தோட்டத்து டிஸ்பென்சரியில் பிள்ளைக்குத் தந்த அன்டிபயோட்டிக்கில் மீதி, தாத்தாவின் கண் சொட்டு மருந்தில் மீதி, இவற்றைக் கொடுக்காதீர்கள். அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. எப்போது தேவை, எவ்வளவு தேவை என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சில கண் மருந்துகளில் ஸ்டெரொயிட் இருக்கும். ஹேர்பீஸ் வைரசால் கண்ணில் புண் உள்ள பூனைக்கு அதை விட்டால் கண்ணே போய்விடலாம்.

எப்போது கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும்?

பூனையோடு டவுனுக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசும் போகும் என்பது எமக்குத் தெரியும். ஆகவே எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது.

- வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டால், அல்லது தூங்கும்போது எண்ணிப் பார்த்து நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால்: அன்றைக்கே. சுகமான பூனை நிமிடத்துக்கு 20 முதல் 30 தடவைதான் மூச்சு விடும்.
- பெரிய பூனை ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாவிட்டால் விரலால் ஊட்டிப் பாருங்கள். இரண்டு நாளாகியும் தின்னாவிட்டால் மூன்றாம் நாளுக்கு விடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி, தடிமனை விடப் பெரிய நோய் வந்துவிடும்.
- குட்டி அரை நாள் தின்னாமல் குடிக்காமல் இருந்தால், அல்லது உடம்பு சில்லிட்டால்: உடனே.
- கண்ணின் கருவிழி வெள்ளையாக மங்கினால், கண்ணைத் திறக்கவே முடியாமல் இருந்தால்: உடனே.
- மஞ்சள், பச்சைச் சளியோடு சோர்வும் கூடிக்கொண்டே போனால், அல்லது பத்து நாளாகியும் குறையாவிட்டால்.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை முதலிய இடங்களில் அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகங்கள் உண்டு. அவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைத்துப் பலர் போவதில்லை. போய்க் கேளுங்கள். மாடு வளர்ப்பவர்கள் தோட்டத்துக்கு மிருக வைத்தியரை வரவழைக்கும் நாளில் பூனையையும் காட்டிவிட்டால் ஒரு நாள் பேர் மிச்சம். கொண்டு போகும்போது கொழுந்துக் கூடையிலோ பெட்டியிலோ வைத்து, மேலே துணி கட்டிக்கொள்ளுங்கள். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஹோர்ன் சத்தத்தில் பாய்ந்து ஓடிவிடும்.

எச்சில் வடிந்தால் கவனம்!

வாய்ப்புண்ணால் எச்சில் வடியும் என்று மேலே சொன்னோம். ஆனால் எச்சில் வடியும் எல்லாப் பூனைக்கும் வாய்ப்புண் என்று நினைத்துவிட வேண்டாம். விசர்நோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும். தும்மலும் மூக்கொழுகலும் இல்லாமல் எச்சில் வடிந்தால், குரல் மாறினால், காரணமில்லாமல் பாய்ந்து கடித்தால், இருட்டில் போய் ஒளிந்தால், தள்ளாடி நடந்தால், அந்தப் பூனையின் வாயைத் திறந்து பார்க்கவோ மருந்து ஊட்டவோ முயல வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.

எந்தப் பூனை கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம வளத்த பூனைதானே" என்று இருந்துவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் விசர்நோய்த் தடுப்பூசி இலவசம். நோய் வெளிப்பட்ட பிறகு மனிதரைக் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்ல வேண்டும். ஊசியை நேரத்தோடு போட்டால் பயமில்லை.

மருந்தடித்த மலையில் நடந்து வந்த பூனை திடீரென எச்சில் வடித்து நடுங்கினால் அது நஞ்சாகவும் இருக்கலாம். அதுவும் உடனே காட்ட வேண்டிய விசயம்.

பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தாய்மார்கள் எம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. பூனைத் தடிமனை உண்டாக்கும் ஹேர்பீஸ், கலிசி வைரஸ்கள் மனிதருக்குத் தொற்றுவதில்லை. உங்கள் பிள்ளைக்கு வந்த சளி பூனையால் வந்ததல்ல. ஆகவே தும்முகிற பூனையைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனாலும் கண் பீளையைத் துடைத்த கையைக் கழுவத்தான் வேண்டும். வேறு கிருமிகளும் அதில் இருக்கலாம்.

நம் சாதாரணத் தடிமனும் பூனைக்குப் போவது அரிது. கொவிட் ஒரு விதிவிலக்கு. அது மனிதரிடமிருந்து பூனைக்கும் பூனை இனத்து மிருகங்களுக்கும் போனது. 2021 ஜூனில் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம் ஒன்றுக்கும் அது இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது பூனையை முகத்தோடு வைத்துக் கொஞ்ச வேண்டாம்.

வராமல் தடுக்க

ஹேர்பீஸ், கலிசி, இவற்றோடு பூனைகளைக் கூட்டமாகக் கொல்லும் வாந்திபேதி நோய் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி உண்டு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டு, ஒரு வருடத்தில் திரும்பப் போட வேண்டும். ஊசி போட்ட பூனைக்குத் தடிமன் வரவே வராது என்று சொல்ல முடியாது. வந்தாலும் லேசாக வந்து போகும். இதற்குக் காசு செலவாகும். எல்லோராலும் முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் விசர்நோய்த் தடுப்பூசியைத் தவறவே விடக் கூடாது. தோட்டத்துக்கு நாய்க்கு ஊசி போட வருகிற நாளில் பூனைக்கும் போட்டுத் தரும்படி கேளுங்கள்.

ஆறு மாதம் ஆகுமுன் கருத்தடை செய்துவிட்டால் குட்டிக் கூட்டம் பெருகாது. கூட்டம் குறைந்தால் தொற்றும் குறையும். மண்சரிவு எச்சரிக்கையால் பாடசாலைக்கோ மடுவத்துக்கோ இடம் மாறும் நேரத்தில் பல வீட்டுப் பூனைகள் ஓரிடத்தில் சேரும். ஒளிந்திருக்கும் வைரஸ் தலை தூக்குவதும் அப்போதுதான். உங்கள் பூனைக்குத் தனித் தட்டும் தனி மூலையும் அங்கேயும் இருக்கட்டும்.

முடிவாக

அந்தப் பசறைப் பக்கத்து லயத்துக்கு அடுத்த மழைக்காலத்திலும் போனோம். பாட்டியம்மா வீட்டில் புதிதாக ஒரு குட்டி. அதற்கும் தடிமன். ஆனால் இந்த முறை வாசலில் ஒரு கோப்பையில் ஆறிய உப்புத் தண்ணீர், பக்கத்தில் கிழித்து மடித்த துணித் துண்டுகள். பேத்தி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் நெத்தலிக் கூழை எடுத்து அதன் உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள். "நேத்து திங்கல ஐயா. இன்னிக்கு மூணு தரம் நக்கிருச்சு" என்றாள். பத்துப் பன்னிரண்டு நாளில் அது எழுந்து ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

பெரிய மருந்து எதுவும் அவள் கொடுக்கவில்லை. உப்புத் தண்ணீர், சூடு, மீன் வாசனை, பொறுமை, இவைதான் கொடுத்தாள். இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். வேறு எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நம் காய்ச்சலுக்கு நல்லதான பனடோல் பூனைக்கு எமன்.